பெரணி வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெரணி (ஃபெர்ன்) பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த முறை முழுப் பகுதியையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன். பெரும்பாலானவர்கள் கேட்பது, ‘எங்கே வாங்கலாம்?’ என்பதுதான். கடைப் பெயர் எதையும் நான் சொல்லப் போவதில்லை. பெரணியைப் பொறுத்தவரை முதலில் தேட வேண்டியது அதை வளர்க்கிற ஆட்களை. அவர்கள் கிடைத்துவிட்டால் கடைக்குப் போக வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

கேள்வி: சில காலமாகப் பெரணி வளர்க்கிறேன். நர்சரியில் சந்தேகம் கேட்டால் ‘நிழலில் வையுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள்’ என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. இணையத்திலும் எல்லாப் பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை போலவே இருக்கின்றன. இதிலேயே ஊறியவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பெரணிக்கென்று சங்கங்கள் உண்டா? சந்தா கட்டினால் பயன் இருக்குமா?

பதில்: உண்டு, அதுவும் நூற்றாண்டு கடந்த சங்கங்கள். பிரிட்டிஷ் டெரிடாலஜிக்கல் சொசைட்டி 1891-இல் தொடங்கியது. அமெரிக்கன் ஃபெர்ன் சொசைட்டிக்கு வயது அதைவிட இரண்டு குறைவு, 1893. இரண்டும் இன்றும் இயங்குகின்றன, எந்த நாட்டில் இருப்பவரும் உறுப்பினராகலாம். லாஸ் ஏஞ்சலஸ் இன்டர்நேஷனல் ஃபெர்ன் சொசைட்டி 1959-இல் உருவானது. குளிர் தாங்கும் பெரணிகளுக்கென்றே 1989-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹார்டி ஃபெர்ன் ஃபவுண்டேஷன் தொடங்கப்பட்டது. இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் பெரணிச் சங்கங்கள் இருக்கின்றன.

சந்தா கட்டும் முன் அந்தச் சங்கம் ஆராய்ச்சியாளர்களை நோக்கியதா, வளர்ப்பவர்களை நோக்கியதா என்று பாருங்கள். பல சங்கங்கள் இரண்டு வகையினருக்கும் தனித்தனி வெளியீடு வைத்திருக்கின்றன. ‘அமெரிக்கன் ஃபெர்ன் ஜர்னல்’ முழுக்க ஆய்விதழ். குரோமோசோம் எண்ணிக்கை, புதிய இனங்களின் விவரிப்பு என்று போகும். தொட்டி மாற்றுவது எப்படி என்று அதில் தேடினால் ஏமாற்றம்தான். பிரிட்டிஷ் சங்கத்திலும் ‘ஃபெர்ன் கெஜட்’ ஆய்வுக்கானது. தோட்டக்காரர்களின் அனுபவமும் படங்களும் வருவது ‘டெரிடாலஜிஸ்ட்’ என்ற இன்னொரு இதழில். எந்தச் சந்தாவில் எந்த இதழ் சேர்ந்து வருகிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அச்சுப் பிரதி வேண்டாம், மின்பிரதி போதும் என்றால் சந்தா குறைவாக இருக்கும் இடங்களும் உண்டு. கடல் கடந்து வரும் தபால் செலவு சில சமயம் சந்தாவையே விழுங்கிவிடும்.

இரண்டாவதாக, அந்தச் சங்கத்தவர்கள் வளர்க்கும் செடிகள் உங்கள் தட்பவெப்பத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள். ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு ஹார்டி ஃபெர்ன் ஃபவுண்டேஷனில் சேர்ந்தால், படிக்கச் சுவையாக இருக்கும். வளர்க்க அவ்வளவாக உதவாது. அவர்கள் கொண்டாடும் செடிகளில் பலவற்றுக்குக் குளிர்கால உறக்கம் தேவை.

என்னைக் கேட்டால், சந்தாவுக்கு ஈடாகக் கிடைப்பவற்றுள் மிகப் பெரியது இதழ் இல்லை, ஸ்போர் (பெரணி பெருக உதவும் நுண்ணிய தூள்) பரிமாற்றம். பிரிட்டிஷ் சங்கமும் அமெரிக்கச் சங்கமும் இதை நெடுங்காலமாக நடத்துகின்றன. உறுப்பினர்கள் தங்கள் செடிகளிலிருந்து ஸ்போர்களைச் சேகரித்து அனுப்புவார்கள், பொறுப்பாளர் பட்டியலிடுவார், மற்றவர்கள் சிறு தொகைக்கோ தபால் செலவுக்கோ கேட்டு வாங்குவார்கள். கடையில் ஒருபோதும் கண்ணில் படாத இனங்கள் அந்தப் பட்டியலில் சாதாரணமாக இருக்கும். ஆகவே சேரும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: பட்டியல் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? உங்கள் நாட்டுக்கு அனுப்புவார்களா? பதில் வருகிற வேகத்திலேயே சங்கம் உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல தாவரவியல் பூங்காக்களில் பெரணிக்கென்று தனிக் கண்ணாடி வீடு உண்டு. அங்கே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தோட்டக்காரருக்குத் தெரிந்தது எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்ப் பேச்சுக் கொடுங்கள். அங்கே பெயர்ப் பலகையோடு நிற்கும் செடிகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் வாங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கேள்வி: ‘நீலப் பெரணி விதைகள், நூறு எண்ணிக்கை’ என்று விளம்பரம் பார்த்து வாங்கினேன். எள் போன்ற கறுப்பு விதைகள் வந்தன. இரண்டு மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. விற்றவர், ‘நீங்கள் சரியாகத் தண்ணீர் ஊற்றவில்லை’ என்கிறார். தவறு என் பக்கமா?

பதில்: இல்லை. பெரணிக்கு விதையே கிடையாது. எண்ணித் தரக்கூடிய எதையும் ‘பெரணி விதை’ என்று விற்றால் அது வேறு ஏதோ செடியின் விதை. அந்தக் கறுப்பு மணிகள் முளைத்திருந்தாலும் கீரையோ புல்லோதான் வந்திருக்கும்.

பெரணி ஸ்போர்களால் பெருகுகிறது. இலையின் அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ தெரிகிறதே, பூச்சி என்று பயந்து பலர் சுரண்டி எறிகிறார்களே, அவைதான் ஸ்போர்ப் பைகளின் கூட்டங்கள். ஒரு ஸ்போரின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். காகிதத்தில் கொட்டினால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறுப்பாகவோ மெல்லிய தூள் படிந்தது போல இருக்கும். யாராலும் நூறு என்று எண்ணித் தர முடியாது. விதையில்லாமல் ஒரு செடி எப்படிப் பெருகுகிறது என்பது ஐரோப்பியர்களை நூற்றாண்டுகளாகக் குழப்பியது. கண்ணுக்குத் தெரியாத விதை இருக்க வேண்டும், அதைக் கையில் வைத்திருப்பவனும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவான் என்றுகூட நம்பினார்கள். ஜெர்மானியத் தாவரவியலர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் 1851-இல் இந்த வாழ்க்கைச் சுழற்சியை முழுமையாக விளக்கினார். விளம்பரக்காரர்களுக்கு மட்டும் இன்னும் செய்தி எட்டவில்லை.

நீல நிறத்தைப் பற்றி: அதில் ஓரளவு உண்மை உண்டு என்பதால்தான் ஏமாற்றுவது எளிதாகிறது. மைக்ரோசோரம் தாய்லாந்திகம் என்ற பெரணியின் இலைகள் உண்மையிலேயே நீலமாக மினுங்கும். செலாஜினெல்லா வில்டெனோவியை என்ற, பெரணிக்குத் தூரத்து உறவான செடி நிழலில் மயில் கழுத்து நிறம் காட்டும். ஆனால் அது வெளிச்சம் படும் கோணத்தால் தோன்றும் மினுக்கம். படத்தில் சாயம் பூசியது போல அடர்நீலமாகத் தெரிந்தால் அது கணினியின் கைவேலை.

பணத்தைத் திரும்பப் பெற, முளைத்ததா, தண்ணீர் ஊற்றினீர்களா என்ற வாதத்துக்குள் போகாதீர்கள். விற்பவர் உங்களை அங்கேதான் இழுப்பார். ‘விளம்பரப்படுத்திய பொருள் இயற்கையில் இல்லாதது’ என்று ஒரே வரியில் எழுதுங்கள். விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), உறையின் புகைப்படம், விதைகளின் புகைப்படம் மூன்றையும் இணைத்து விற்பனைத் தளத்துக்கு அனுப்புங்கள். அட்டை மூலம் பணம் செலுத்தியிருந்தால் வங்கியிலும் மறுப்புத் தெரிவிக்கலாம். இரண்டுக்கும் கால வரம்பு உண்டு. ‘இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள்’ என்று விற்பவர் சொல்வது அந்த வரம்பைத் தாண்ட வைப்பதற்காகத்தான்.

உண்மையான ஸ்போர்களை வாங்கும்போதும் கவனம் தேவை. பல இனங்களின் ஸ்போர்கள் உலர்வாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆனால் ஆஸ்முண்டா போன்ற சிலவற்றின் ஸ்போர்கள் பச்சையாக இருக்கும்; சாதாரணமாக வைத்திருந்தால் சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். அப்படிப்பட்டதை எப்போது சேகரித்தது என்று சொல்லாமல் விற்பவரிடம் வாங்குவது வீண். சேகரித்த தேதி எழுதாத ஸ்போர் உறையை நான் இலவசமாகக்கூட வாங்க மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் ஸ்போரிலிருந்து வளர்ப்பது சாதாரண ஆட்களால் முடியுமா? அதற்கென்று ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முடியும். பெட்டி தேவையில்லை. மூடியுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா எதுவாக இருந்தாலும் சரி. ஈரம் தாங்கும் மெல்லிய மண்கலவையை அதில் ஒரு விரற்கடை பரப்பிக் கொதிநீர் ஊற்றி மூடி ஆறவிடுங்கள். ஆறியதும் ஸ்போரை மேலே மெல்லத் தூவுங்கள். மண்ணால் மூடக்கூடாது, முளைக்க ஒளி வேண்டும். மூடியை இறுக்கிவிட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். கூடுதலாகத் தூவுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நெருக்கடியில் எதுவும் தேறாது.

சில வாரங்களில் பச்சைப் படலம் தெரியும். பிறகு அது சின்னச் சின்ன இதய வடிவத் தகடுகளாகும். அதை முன்உடலம் என்பார்கள். கருவுறுதல் நடப்பது அங்கேதான். ஆண் செல் நீந்திப் போக நீர்ப்படலம் வேண்டும் என்பதால் டப்பாவுக்குள் ஈரம் வற்றக்கூடாது. முதல் இலை எழும்ப மாதங்களாகும், தொட்டிக்கு மாற்றும் அளவு வர பெரும்பாலும் ஓராண்டு. பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். வளர்ந்த செடியாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்போரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதும் இல்லை. புள்ளிகள் முதிர்ந்து நிறம் மாறிய இலைத்துண்டு ஒன்றை வெள்ளைக் காகிதத்துக்குள் மடித்து ஓரிரு நாள் உலர்ந்த இடத்தில் வைத்தால் தூள் கொட்டியிருக்கும். காகிதத்தைச் சாய்த்து மெல்லத் தட்டினால் சருகுத் துணுக்குகள் உருண்டு ஓடிவிடும், ஸ்போர் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரே இலையில் கிடைப்பது உங்களுக்கும், நீங்கள் பண்டமாற்றுச் செய்யப்போகும் அத்தனை பேருக்கும் போதும்.

கேள்வி: மான்கொம்புப் பெரணிக்கான இணையக் குழுக்கள் சிலவற்றில் சேர்ந்திருக்கிறேன். அரிய வகைகளை உறுப்பினர்களே விற்கிறார்கள். விலை அதிகம். யாரை நம்புவது என்று புரியவில்லை.

பதில்: மான்கொம்பு என்றாலே காசு புரளும் இடம். மான்கொம்பு அடங்கும் பிளாட்டிசீரியம் பேரினத்தில் ஏறத்தாழ 18 இனங்கள்தான். ஆனால் கலப்பினங்களும் தேர்வு வகைகளும் பெயர் சூட்டப்பட்டுப் பெருகிக்கொண்டே போகின்றன. வளர்ந்த செடியைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடலாம். உள்ளங்கையில் அடங்கும் குட்டிச் செடியைப் பார்த்துச் சொல்வது தேர்ந்தவர்களுக்கே கடினம். விற்பனை நடப்பதோ பெரும்பாலும் குட்டிகளில்.

அதனால் செடியின் பெயரைக் கேட்பதோடு நிற்காதீர்கள். அது எப்படி உண்டானது என்று கேளுங்கள். தாய்ச்செடியில் முளைத்த பக்கக் கன்றா, திசு வளர்ப்பில் வந்ததா, ஸ்போரிலிருந்து வந்ததா? பக்கக் கன்று என்றால் தாயின் அச்சாகவே வரும். பெயர் பெற்ற ஒரு தேர்வு வகையின் ஸ்போரிலிருந்து வந்த செடி தாயைப் போலவே இருக்கும் என்ற உறுதி இல்லை. அதைத் தாயின் பெயரிலேயே விற்பது நேர்மையல்ல. சில இனங்களுக்குப் பக்கக் கன்றே வராது. பிளாட்டிசீரியம் சூப்பர்பம், பிளாட்டிசீரியம் கிராண்டே இரண்டும் தனிமரங்கள். ‘சூப்பர்பத்தின் பக்கக் கன்று’ என்று யாராவது விற்றால் அவருக்குச் செடி தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி விற்பதும் பழைய கதை. ஸ்போர் தாங்கும் இலை விட்ட செடியானால் வேறுபாடு எளிது: சூப்பர்பத்தின் ஓர் இலையில் ஒரே ஒரு ஸ்போர்த் திட்டு, கிராண்டேயில் இரண்டு. இந்த மாதிரி நுணுக்கத்தைக் கேட்காமலே சொல்லிக்கொடுக்கும் உறுப்பினர்கள் இருக்கும் குழுவை விட்டுவிடாதீர்கள்.

நல்ல குழுவை அடையாளம் காண நான் பார்ப்பது இதுதான். யாராவது படம் போட்டு ‘இது என்ன பெரணி?’ என்று கேட்டால், உடனே பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்கிறார்களா, அல்லது ‘இலையின் அடிப்பக்கத்தைக் காட்டுங்கள், தண்டின் அடியில் இருக்கும் செதில்களைக் காட்டுங்கள்’ என்று திருப்பிக் கேட்கிறார்களா? இரண்டாவது வகைதான் உங்களுக்கு வேண்டியது. அடுத்து, செத்துப்போன செடிகளின் படமும் அங்கே வருகிறதா என்று பாருங்கள். எல்லாச் செடிகளும் எப்போதும் செழித்தே இருக்கும் குழு, சந்தை. நிர்வாகியே பெரிய விற்பனையாளராகவும் இருந்து, குறை சொல்லும் பதிவுகள் காணாமல் போகிற இடமானால் படித்துவிட்டு வாருங்கள்; வாங்க வேண்டாம்.

பணம் அனுப்பும் முன், இன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டோடு அந்தச் செடியையே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வேரும் கண்ணில் படட்டும். தயங்குபவரிடம் வாங்காதீர்கள். வழியில் செடி செத்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: வெளியூர்ப் பயணத்தில் மலைப்பாதையோரம் ஒருவர் மரப்பெரணிக் கன்றுகளையும் மரத்திலிருந்து பெயர்த்த பறவைக்கூட்டுப் பெரணிகளையும் விற்றுக்கொண்டிருந்தார். நர்சரியில் கேட்பதைவிட மிகவும் மலிவு. வாங்கியிருக்கலாமோ?

பதில்: வேண்டாம். மலிவாக இருப்பதன் காரணம், அதை வளர்க்க யாரும் செலவு செய்யவில்லை. காட்டிலிருந்து பெயர்த்த செடி இடமாற்றத்தில் வேரை இழந்திருக்கும். கூடவே பூச்சியும் வரும். பாதிக்கு மேல் வீட்டில் தேறுவதில்லை. அது போக, சட்டச் சிக்கலும் இருக்கிறது. மரப்பெரணிகளில் பெரும்பகுதி அடங்கும் சயாத்தியா குடும்பம், அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் வெட்டியெடுக்கும் மரப்பெரணி ஒவ்வொன்றிலும் அரசு அடையாளச் சீட்டு கட்டியிருக்க வேண்டும். வெளிநாட்டில் விற்கும்போதுகூட விவரமறிந்தவர்கள் அந்தச் சீட்டு எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். மரப்பெரணி மெதுவாக வளர்வது. ஆளுயரத் தண்டு என்றால் அதற்குப் பின்னால் பல பத்தாண்டுகள் இருக்கின்றன.

ஆசை ஒரு இனத்தையே துடைத்துவிடும் என்பதற்கு விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தே சாட்சி. லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், 1829 வாக்கில், மூடிய கண்ணாடிப் புட்டியில் பெரணி தானாக வளர்வதைக் கவனித்தார். அதிலிருந்து கண்ணாடிப் பெட்டி வந்தது. வீட்டுக்கு வீடு பெரணி வந்தது. 1855-இல் எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி அந்தப் பித்துக்கு ‘டெரிடோமேனியா’ என்றே பெயர் வைத்தார். அந்தப் பித்தில் அரிய வகைகளைக் கூடை கூடையாகப் பெயர்த்தெடுத்தார்கள். சில இனங்கள் அந்த நாட்டில் இன்றும் முழுதாக மீளவில்லை.

சாலையோரக்காரரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: ‘இதே செடி இன்னும் ஐம்பது வேண்டும், எல்லாம் ஒரே அளவில் கிடைக்குமா?’ நர்சரியில் வளர்ந்தது என்றால் தட்டு தட்டாக ஒரே உயரத்தில் இருக்கும். காட்டிலிருந்து வந்தது என்றால் ஒவ்வொன்றும் ஒரு அளவில், பாசியும் மரப்பட்டையும் ஒட்டியபடி இருக்கும்.

கேள்வி: அஸ்பாரகஸ் ஃபெர்ன் வாங்கினேன். பெரணி பூனைக்கு ஆபத்தில்லை என்று படித்திருந்தேன். பூனை அதைக் கடித்துவிட்டு வாந்தி எடுத்தது. பெரணிகளில் நச்சு உண்டா?

பதில்: நீங்கள் வாங்கியது பெரணியே இல்லை. அது பூத்துக் காய்க்கும் செடி, தண்ணீர்விட்டான் கிழங்கின் இனம். இலை மென்மையாகத் தெரிவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் காய் பூனைக்கும் நாய்க்கும் ஆகாது. சாறு பட்டால் தோலும் அரிக்கும். பூனையை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், செடியின் படத்தையும் கொண்டுபோங்கள். பூனை இருக்கும் வீட்டுக்குப் பாஸ்டன் ஃபெர்ன் என்ற நெஃப்ரோலெபிஸ் பாதுகாப்பானது. எல்லாப் பெரணிகளும் அப்படியல்ல. பிராக்கன் என்ற காட்டுப் பெரணியில் புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. சீட்டில் அறிவியல் பெயர் இல்லாத செடியைப் பிராணிகள் உள்ள வீட்டுக்கு வாங்காதீர்கள்.

கேள்வி: ‘தண்ணீரே வேண்டாத காற்றுப் பெரணி’ என்று ஒன்றைப் பரிசுப் பொருள் கடையில் பார்த்தேன். அதேபோல, காய்ந்த உருண்டை தண்ணீரில் விரியும் ‘உயிர்த்தெழும் செடி’யும் இருந்தது. இவை உண்மையா?

பதில்: காற்றுப் பெரணிக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது உண்மைதான். செத்துப்போனதற்கு எதற்குத் தண்ணீர்? அது செடிகூட இல்லை. ஹைட்ரோசோவா என்ற கடல் உயிரியின் உலர்ந்த கூடு, பச்சைச் சாயம் ஏற்றியது.

உயிர்த்தெழும் செடி என்பது பெரும்பாலும் செலாஜினெல்லா லெபிடோஃபில்லா. உயிருள்ளது உண்மையிலேயே நீண்ட வறட்சியைத் தாங்கித் திரும்பத் துளிர்க்கும். ஆனால் விரிவது ஈரத்தால் நடக்கும் இயக்கம் என்பதால் செத்த உருண்டையும் விரியும். விரிந்த சில நாட்களில் நடுப்பகுதி பச்சையாகிறதா என்று பாருங்கள். ஆகாவிட்டால் நீங்கள் வாங்கியது வெறும் பொம்மை.

கேள்வி: நம்பகமான புத்தகமோ இலவசத் தகவலோ சொல்லுங்கள். ஒரே பெரணிக்கு மூன்று பெயர் கண்ணில் படுகிறது, குழப்பமாக இருக்கிறது.

பதில்: ஒரே ஒரு புத்தகம் வாங்குவதானால் பார்பரா ஜோ ஹோஷிசாகியும் ராபின் மோரனும் எழுதிய ‘ஃபெர்ன் குரோவர்ஸ் மேனுவல்’, 2001-இல் வந்த விரிவான பதிப்பைத் தேடுங்கள். 1975-இல் வந்த முதல் பதிப்பு பழைய புத்தகக் கடைகளில் அதே பெயரில் கிடைக்கும், அதை வாங்கிவிடாதீர்கள். கனமான நூல். முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை, அகராதியைப் போலப் புரட்டலாம்.

இலவசமாக வேண்டுமென்றால் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற மின்நூலகத்தில் 19-ஆம் நூற்றாண்டுப் பெரணி நூல்கள் வண்ணப் படங்களோடு ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. வளர்ப்பு முறைக்கு அவை பழையவை. இலையின் வடிவத்தைப் பார்க்க இன்றும் இணையில்லை.

பெயர்க் குழப்பத்துக்கு, லண்டன் கியூ தோட்டத்தின் ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’ தரவுத்தளம் போதும். பழைய பெயரைத் தட்டினால் இன்றைய பெயரையும், அந்தச் செடி இயற்கையில் எந்த நாடுகளில் வளர்கிறது என்பதையும் காட்டும். இதை வெறும் அறிவியல் விவரம் என்று தள்ளிவிடாதீர்கள். இன்று ஃபிளெபோடியம் ஆரியம் என்று அழைக்கப்படுவதே முன்பு பாலிபோடியம் ஆரியம். இரண்டையும் வேறு வேறு செடிகள் என்று நம்பி ஒருவர் இரண்டு முறை காசு கொடுக்க முடியும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் உங்கள் செடியின் படத்தைப் போட்டால் பிறர் பெயர் கண்டு சொல்வார்கள். இலையின் மேல்பக்கப் படம் மட்டும் போட்டால் பலன் குறைவு. அடிப்பக்கம் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் பரிமாற்றத்துக்குச் செடிகள் அனுப்புவதாகச் சொல்கிறார். ‘பரிசு’ என்று எழுதி அனுப்பினால் சுங்கத்தில் பிரச்சினை வராது என்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. உயிருள்ள செடி எந்தப் பெயரில் வந்தாலும், பூச்சியும் நோயும் இல்லை என்று காட்டும் பயிர்நலச் சான்றிதழ் கேட்கும் நாடுகளே மிகுதி. பல நாடுகள் இறக்குமதி அனுமதியும் முன்கூட்டியே கேட்கும். மண் ஒட்டிய வேர் பெரும்பாலும் அனுமதிக்கப்படாது. பொய்யாக எழுதிய உறை பிடிபட்டால் செடி எரிக்கப்படும், பதில் சொல்ல வேண்டியவர் பெறுநர், அதாவது நீங்கள்.

நீர்ப் பெரணிகளில் இன்னும் கவனம் வேண்டும். மீன்தொட்டிக்காக விற்கப்படும் சால்வினியா மொலெஸ்டா குளங்களையும் ஏரிகளையும் மூடி மூச்சடைக்க வைப்பது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தடைசெய்யப்பட்டது. லைகோடியம் என்ற ஏறு பெரணிகள் சிலவும் அப்படித்தான். ஒரு நாட்டில் சாதாரணமாகக் கைமாறும் செடி இன்னொரு நாட்டில் குற்றமாக இருக்கலாம். ஸ்போராகப் பரிமாறிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அதற்கும் சில நாடுகளில் விதி உண்டு. இருந்தாலும் செடியை அனுப்புவதைவிட எளிது, வழியில் சாகவும் சாகாது.

கேள்வி: எங்கள் பக்கத்தில் பெரணிச் சங்கம் எதுவும் இல்லை. ஆர்வமுள்ள நான்கைந்து பேர் இருக்கிறோம். நாமே ஒன்று தொடங்கலாமா? முதலில் எதற்குச் செலவு செய்வது?

பதில்: தொடங்குங்கள். பதிவு, முத்திரை, தலைவர், செயலாளர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான்கைந்து பேரில் ஒருவர் மட்டும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றில் உறுப்பினராகட்டும், சந்தாவை எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள். அங்கிருந்து வரும் ஸ்போரை எல்லோரும் ஆளுக்கொரு டப்பாவில் விதையுங்கள். ஒருவரிடம் பாசி பிடித்துப் போனாலும் இன்னொருவரிடம் தேறும். பிறரிடம் பகிர்ந்து வளர்க்கக்கூடாது என்று அந்தச் சங்கத்துக்கு விதி ஏதும் உண்டா என்று முன்னதாகக் கேட்டுவிடுங்கள்.

கூட்டாக வாங்கத் தகுந்தது பத்து மடங்கு பெரிதாக்கும் கை உருப்பெருக்கி ஒன்று. இலையின் அடிப்பக்கத்தையும் செதில்களையும் பார்க்க அது போதும். நுண்ணோக்கி இப்போது வேண்டாம். ஒரு செடியை யாரிடமாவது கொடுத்து வைத்திருப்பது நல்ல காப்பீடு என்பதால், ஒவ்வொருவரும் தங்களிடமுள்ள அரிய வகையில் ஒரு பிரிவை மற்றொருவர் வீட்டில் வையுங்கள். கோடையில் ஒருவர் ஊருக்குப் போய்வந்து பார்க்கும்போது மெய்டன்ஹேர் பெரணி சருகாகிப் போயிருந்தாலும் திரும்பக் கிடைக்கும்.

குளிர்பதனப் பெட்டியில் காற்றுப் புகாத ஒரு டப்பாவை ஸ்போருக்கென்று ஒதுக்குங்கள். உறைகள் காகிதமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். ஒவ்வோர் உறையிலும் அறிவியல் பெயர், யாருடைய செடி, அவருக்கு அது எங்கிருந்து வந்தது, சேகரித்த தேதி ஆகிய நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். மையால் எழுதினால் ஈரத்தில் அழிந்துவிடும்.